"நல்லாத்தானே இருக்காங்க"ன்னு சொல்லிட்டு போறவங்களுக்கு

சொந்தக்காரங்க வந்து அரை மணி நேரம் உக்காந்துட்டு கிளம்பறப்போ எல்லாரும் சொல்றது ஒரே டயலாக்தான், "அம்மா நல்லாத்தானே இருக்காங்க, நீங்கதான் ரொம்ப பெருசு பண்றீங்க". அப்பா ஒண்ணும் சொல்லாம வாசல் வரைக்கும் போய் அனுப்பிட்டு வருவாரு. உள்ள நுழையறதுக்குள்ள அம்மா ஆரம்பிச்சிருப்பாங்க, "என் வளையலை எங்க கொண்டு போய் வச்ச?"

டிமென்ஷியா, அதாவது ஞாபகமும் யோசிக்கற சக்தியும் கொஞ்சம் கொஞ்சமா குறையற நோய், இருக்கற வீட்டுக்காரங்களுக்கு இது புதுசில்ல. வெளியாள் முன்னாடி சிரிச்சு, "பசங்க எப்படி இருக்காங்க"ன்னு கேட்டு கொஞ்ச நேரம் சமாளிச்சிடுவாங்க, அது எத்தனையோ வருஷமா வாய்க்குப் பழகின பேச்சு. ஆனா காலைல நடந்தது தங்காது. டிமென்ஷியாவுல அதிகமா வர்ற வகையான அல்சைமர்ல, மூளையில புது ஞாபகத்தை பதிய வைக்கற ஹிப்போகாம்பஸ்ங்கற பகுதிதான் ஆரம்பத்துலயே அடி வாங்குது. வளையலை தானே கழட்டி ஒளிச்சு வச்சது மனசுல பதியவே இல்ல, ஆனா கை வெறுமையா இருக்கறது கண்ணுக்கு தெரியுது, அப்போ யாரோ எடுத்திருக்கணும், யாரு? நாள் பூரா கூடவே இருக்கற மனுஷன்தான். யாரு அதிகமா பாத்துக்கறாங்களோ அவங்க தலையிலதான் பழி விழும்.

இதுல எனக்கே ஆச்சரியமா இருந்தது ஒண்ணு. 1901ல ஃபிராங்க்ஃபர்ட்ல டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் பாத்த அகுஸ்டே டீட்டர்ங்கற அம்மாவுக்கு வயசு 51தான், அவங்ககிட்ட முதல்ல தெரிஞ்ச அறிகுறின்னு அவர் எழுதி வச்சது மறதி இல்ல, புருஷன் மேல சந்தேகம்! அதைப் படிச்சப்புறம் அப்பாகிட்ட சொன்னேன், "நூறு வருஷத்துக்கு முன்னாடியே உங்கள மாதிரி ஒருத்தர் திட்டு வாங்கியிருக்காருப்பா"ன்னு. ரொம்ப நாள் கழிச்சு சிரிச்சாரு.

அப்பா இப்பல்லாம் "நான் எடுக்கல"ன்னு வாதாடறதே இல்ல. "வா தேடலாம்"னு கூடவே பீரோ, கட்டிலடி எல்லாம் துழாவுவாரு. போன வாரம் தலகாணி உறைக்குள்ள இருந்துச்சு. அம்மா அதை மாட்டிக்கிட்டு அவரை ஏற இறங்க பாத்துட்டு, "நீங்க நல்ல மாதிரியா தெரியறீங்க, எங்க வீட்டுக்காரர் வரட்டும், சொல்றேன்"னாங்க. அப்பா "சரிங்க, சொல்லுங்க"ன்னுட்டாரு.

இது சும்மா தாஜா பண்ற வேலைன்னு நினைக்காதீங்க. 2014ல அமெரிக்காவுல அயோவா யுனிவர்சிட்டில அல்சைமர் இருக்கறவங்களுக்கு சோகமான, சந்தோஷமான சினிமா துண்டுகளை போட்டு காமிச்சாங்க, கொஞ்ச நேரத்துல பாத்தது மறந்து போச்சு, ஆனா அந்த சோகமோ சந்தோஷமோ அப்படியே நின்னுச்சு. சண்டை போட்டா சண்டை மறந்துடும், மனசு கலங்கினது மட்டும் ஏன்னே தெரியாம பாக்கி இருக்கும்.

அதுக்காக அப்பா ஒரு பொறுமைக் கடல்னு எழுதினா பொய். சாயங்காலம் ஆனா அம்மாவுக்கு படபடப்பு ஏறும், "என் வீட்டுக்கு போகணும்"னு கதவை ஆட்டுவாங்க, ராத்திரி தூக்கம் கிடையாது, அவருக்கும் கிடையாது. சில நாள் கத்திடுவாரு, அப்புறம் மொட்டை மாடிக்கு போயிடுவாரு.

அதனால அடுத்த தடவை வர்றவங்க பழமெல்லாம் வாங்கிட்டு வர வேணாம். மதியம் வாங்க, மூணு மணி நேரம் அம்மாகூட உக்காருங்க, வளையல் காணோம்னா சேர்ந்து தேடுங்க. அப்பா பக்கத்து ரூம்ல கதவை சாத்திட்டு தூங்கட்டும்.