புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு சேஃப்டி லூப்: எனக்க கான்டெசாவுல மாட்டினது

எனக்க பழைய கான்டெசா காரை லிஃப்டுல ஏத்துனா பாக்குறவன் ஒக்க கேக்குறது ஒரே கேள்விதான், கியர்பாக்ஸுக்குப் பின்னால அந்த தடிச்ச இரும்பு வளையம் என்னத்துக்குடேன்னு. அலங்காரம்னு நெனச்சவனும் உண்டு. அதுதான் சேஃப்டி லூப், அடியில சுத்துற ஷாஃப்டு ஒடிஞ்சா பிடிச்சு நிறுத்துறது. அதனால ஒரேயடியா எழுதிப் போட்டுட்டா இனி லிங்க் அனுப்பினா போதும்ல.

இப்ப ரோட்டுல ஓடுற சின்ன கார் முக்காவாசியும் முன்வீல் டிரைவ், அதுல இந்த நீள ஷாஃப்டே கெடையாது. கான்டெசா, அம்பாசடர், பத்மினி, ஆம்னி இதெல்லாம் இன்ஜின் முன்னால, ஓடுற வீலு பின்னால. நடுவுல கெடந்து சுத்துறதுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட், அதுக்க ரெண்டு முனையிலயும் யூ ஜாயின்ட் கிராஸ் இருக்கும், ஷாஃப்டு சாஞ்சாலும் சுத்த விடுற மூட்டு. எவ்வளவு வேகமா சுத்தும்னு யோசிச்சதுண்டா? அஞ்சு கியர் பாக்ஸுல பொதுவா நாலாவது கியர் நேர் கியர், இன்ஜின் 5000 ஆர்பிஎம்னா ஷாஃப்டும் 5000, அதாவது ஒரு செகண்டுக்கு 83 சுத்து. அஞ்சாவது போட்டா இன்ஜினவிட ஷாஃப்டு வேகமா சுத்தும். நம்ம சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவுல, ஒரு தகடுக்கு அந்தப் பக்கம்.

பின்னால உள்ள கிராஸ் ஒடிஞ்சா பெரும்பாலும் ஷாஃப்டு ரோட்டுல இழுபட்டு கியர்பாக்ஸ விட்டு உருவிடும், ஆயில் கொட்டும், வண்டி நிக்கும், மானம் போவும், அவ்வளவுதான். முன்னால உள்ளது ஒடிஞ்சாத்தான் ஆபத்து. முன் முனை கீழ விழுந்துடும், ஆனா பின் முனை டிஃபரன்ஷியல்லயே, அதாவது பின் ஆக்சில் நடுவுல உள்ள கியர் பெட்டியிலயே, மாட்டிக் கெடக்கும். கிளட்ச மிதிச்சா நின்னுடும்னு நெனக்காதீங்க, ஓடுற வண்டிக்க பின்வீலே அத சுத்திக்கிட்டு இருக்கும், இன்ஜின ஆஃப் பண்ணாலும் அதே கதைதான். அந்த முனை மேல அடிச்சா தரையைக் கிழிச்சுட்டு உள்ள வரும், வழியில பிரேக் பைப்பு, பெட்ரோல் பைப்பு எது கெடந்தாலும் போச்சு. கீழ விழுந்து ரோட்டுக் குழியில குத்துச்சுன்னா வள்ளக்காரன் கழை ஊன்றுன மாதிரி வண்டிக்க பின்பக்கமே தூக்கிடும். களியக்காவிளையில இருந்து மார்த்தாண்டம் வரைக்கும் மழைக்காலத்துல ரோடு எப்படிக் கெடக்கும்னு நான் சொல்ல வேண்டாம்.

ரூல்னு பாத்தா அமெரிக்காவுல டிராக் ரேஸ் நடத்துற என்ஹெச்ஆர்ஏ காரங்க தெளிவா எழுதி வச்சிருக்காங்க. கால் மைல 13.99 செகண்டுலயோ அதவிட வேகமாவோ ஓடுற வண்டி, ஸ்லிக் டயர் (வரி இல்லாத வழுவழு ரேஸ் டயர்) போட்டிருந்தா லூப் கட்டாயம். ரோட்டு டயர்னா 11.49 செகண்டவிட வேகமா ஓடுனாத்தான் கேப்பாங்க. எனக்க 1.8 இசுசு இன்ஜின் அந்த நம்பருக்குப் பக்கத்துல கூட போவாது, அது எனக்கும் தெரியும், சிரிக்காதீங்க. ஆனா கிராஸ் ஒடியுறதுக்கு டாப் ஸ்பீடு வேண்டாம்டே. ஃபர்ஸ்ட் கியர்ல இன்ஜின் டார்க், அதாவது சுத்துற விசை, மூணு மடங்குக்கு மேல பெருகித்தான் ஷாஃப்டுக்கு வருது, அதுல கிளட்ச டபக்குன்னு விட்டா அடி முழுசும் கிராஸுக்குத்தான், அகல டயர் போட்டு பிடிமானம் கூடுனா இன்னும் மோசம். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேக்கோ சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கோ கொண்டு போய் நாலு தடவை சாத்தணும்னு ஆசைப்படுறவன் இத முதல்ல மாட்டணும், ஸ்டிக்கர் அப்புறம் ஒட்டிக்கலாம்.

அதே ரூல்ல அளவும் இருக்கு. வளையம் 360 டிகிரியும் சுத்தி வரணும், பட்டையா இருந்தா 2 இஞ்ச் அகலம், கால் இஞ்ச் கனம், பைப்பா இருந்தா 7/8 இஞ்ச் ஸ்டீல் பைப்பு, 0.065 இஞ்ச் சுவர். முன் கிராஸுல இருந்து 6 இஞ்சுக்குள்ள இருக்கணும். இந்தக் கடைசி வரிதான் முக்கியம், ஆனா இதத்தான் பாதி பேரு விட்டுடுறாங்க, இடம் வசதியா இருக்குன்னு ஷாஃப்டுக்க நடுவுல கொண்டு போய் மாட்டுறான். நடுவுல மாட்டுனா முன் முனை ஆடுறதுக்கு நல்லா இடம் கெடைக்குமே, அப்புறம் அது என்னத்துக்கு?

வாங்கலாம்னு தேடுனா ஆன்லைன்ல வர்றது முக்காலும் அமெரிக்க மஸ்டாங், கமாரோவுக்கு உள்ளது, யுனிவர்சல்னு போட்டிருக்கும், நம்ம டனலுக்கு (ஷாஃப்டு போறதுக்கு தரைத் தகடுல மேடா விட்டிருக்க எடம்) ஒத்து வராது. சிலது கியர்பாக்ஸ் வாலுலயே போல்ட் பண்ற மாதிரி இருக்கு, எனக்கு அது சுத்தமா பிடிக்கல்ல, அந்த வாலு அலுமினியம், ஷாஃப்டு அடிச்சு அது உடைஞ்சா லூப்பும் சேந்துல்லா போவும். இன்னும் சிலது வெறும் யூ வடிவம், மேல பக்கம் காலி, ஆளு இருக்கது மேலதானேடே!

அதனால நாகர்கோவில்ல நமக்குத் தெரிஞ்ச ஒரு வெல்டிங் பட்டறையில செய்யச் சொன்னேன். பட்டறை அண்ணன் 50க்கு 6 பட்டை, அதாவது 50 மில்லி அகலம் 6 மில்லி கனம், எடுத்துப் போட்டாரு. கால் இஞ்ச்னா 6.35 மில்லி, 6 மில்லி அதுக்குக் கீழ, ரேஸுல செக்கிங்ல நிப்பாட்டுவான் அண்ணேன்னு சொன்னேன். "ரேஸுக்கா போற, கொள்ளாம், அப்போ எட்டே போடுவோம்"னு 50க்கு 8 எடுத்தாரு. அகலத்துலயும் இதே கணக்கு உண்டு, 2 இஞ்ச் 50.8 மில்லி, ஆகவே ரேஸுக்கு முன்னால வண்டியப் பாக்குற டெக் செக்கிங் கறாரா இருக்குற எடத்துக்குப் போறவங்க 60 மில்லி பட்டை வாங்கிடுங்க. பட்டையைச் சூடாக்கி ரெண்டு அரைவட்டமா வளைச்சோம், ரெண்டு பக்கமும் காது வச்சு போல்ட். முழு வளையமா வெல்ட் பண்ணிட்டா ஒவ்வொரு தடவை ஷாஃப்டு கழட்டவும் பாடு, ரெண்டு துண்டுன்னா கீழ்ப்பாதியக் கழட்டுனா போதும்.

ஷாஃப்ட கழட்டும்போது ஃபிளாஞ்சுலயும் (ஷாஃப்டு போல்ட் ஆகுற வட்டத் தகடு) ஷாஃப்டுலயும் பஞ்ச் வச்சு அடையாளம் போட்டுக்கிடுங்க, இருந்த மாதிரியே திரும்ப மாட்டலன்னா 80ல போகும்போது உதறும், அப்புறம் லூப்பத்தான் குத்தம் சொல்லுவீங்க. வெறும் ஜாக்கிய நம்பி அடியில போகாதீங்க, ஸ்டாண்டு வச்சு, வீலுக்கு கட்டை கொடுத்துட்டுத்தான் போகணும்.

ஷாஃப்டுக்கும் வளையத்துக்கும் சுத்திலும் ஒரு இஞ்ச் போல இடைவெளி விட்டோம். பின் ஆக்சில் தொங்கும்போது ஒரு தடவை, வெயிட் ஆக்சில்ல இருக்கும்போது ஒரு தடவை, ரெண்டுலயும் கையால சுத்திப் பாக்கணும், கியர்பாக்ஸத் தாங்குற மவுண்ட் பழசானா அதுக்க வாலே ஆடும், அதுக்கும் இடம் வேணும். பயந்துட்டு ரெம்பப் பெருசா வச்சாலும் கூடாது, ஷாஃப்டு உள்ள வேகம் எடுத்து அடிக்கும். சைலன்சர் பைப்பும் ஹேண்ட்பிரேக் கேபிளும் தட்டாம பாத்துக்கிடுங்க.

இனி முக்கியமானது, எதுல மாட்டுறது. கான்டெசாவுக்கு தனி சேசிஸ் கெடையாது, பாடியேதான் சேசிஸ். நம்ம ஊருல ரெண்டு மழையும் உண்டு, தென்மேற்கும் வடகிழக்கும், பத்தாததுக்கு கடல் காத்து வேற, கொளச்சல் பக்கம் கெடந்த வண்டிக்க கார்ப்பெட்ட தூக்குனா தரையே இருக்காது. ஸ்க்ரூடிரைவர் வச்சு குத்திப் பாருங்க, உள்ள போச்சுன்னா முதல்ல தகடு வேலை, லூப் அப்புறம். துருப்பிடிச்ச தகடுல எந்த லூப் மாட்டியும் பிரயோஜனம் இல்ல. எனக்க வண்டியில டனலுக்கு ரெண்டு பக்கமும் நல்ல தகடா பாத்து, உள்பக்கம் 4 இஞ்ச் சதுரத்துல 3 மில்லி பிளேட் வச்சு, தலையில 8.8ன்னு அடிச்ச 10 மில்லி போல்ட் போட்டோம். செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூன்னு யாராவது சொன்னா கும்பிட்டுட்டு வந்துடுங்க. சைலன்சர் பக்கத்துல நைலாக் நட்டு வேண்டாம், சூட்டுல நைலான் எளகிடும், முழு இரும்பு லாக் நட்டுதான். வெல்டிங் உண்டுன்னா பேட்டரியக் கழட்டி, கார்ப்பெட்ட வெளிய எடுத்து, பெட்ரோல் பைப்பயும் ஒதுக்கணும். ஓட்டை போட்ட எடமெல்லாம் ரெட் ஆக்சைடு அடிச்சு மேல அண்டர்கோட்டிங், இல்லன்னா அடுத்த மழையில அங்கேருந்தே துரு தொடங்கும்.

லூப்பு கிராஸ் ஒடியாம தடுக்காது, ஒடிஞ்ச ஷாஃப்ட பிடிச்சு நிறுத்தும், அவ்வளவுதான் அதுக்க வேலை. ரிவர்ஸுல இருந்து ஃபர்ஸ்ட் போடும்போது டக்குன்னு சத்தம், பைய போகும்போது கிரீச் கிரீச்சுன்னு சத்தம், கிராஸ் கப்புக்கு ஓரத்துல செவந்த துருப்பொடி, இதுல எது கண்டாலும் உள்ள ஊசி பேரிங் காஞ்சு போச்சுன்னு அர்த்தம். கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸா வாங்கிப் போடுங்க, வெள்ளத்துல ஓட்டுனா வந்ததும் கிரீஸ் அடிச்சிடுங்க. லூப் போல்ட்ட கொஞ்ச நாள் ஓட்டுன பிறகு ஒருக்கா இறுக்கிப் பாக்கணும், அதுக்கப்புறம் ஆயில் மாத்த வண்டி தூக்கும்போதெல்லாம் ஸ்பேனர் வச்சா போதும்.