அப்பாவின் ரிப்போர்ட் ஃபைலிலேயே இருந்த நம்பர்

நாலு வருஷமாக அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரே வரிதான்: ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’. கிரேடு 1 தானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். அந்த கிரேடு கொழுப்பின் அளவை மட்டும்தான் சொல்லும், கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதைச் சொல்லாது என்று இந்த முறை பார்த்த டாக்டர் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். இருபது வருஷச் சர்க்கரைக்காரருக்குக் கவலைப்பட வேண்டியது அந்தத் தழும்பைப் பற்றித்தான்.

டாக்டர் புதிதாக எந்த டெஸ்டும் எழுதவில்லை. ஃபைலில் இருந்த பழைய ரத்த ரிப்போர்ட்டையே எடுத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்குப் போட்டார். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் ரத்தத்தில் அளக்கும் கல்லீரல் என்சைம்கள்; பிளேட்லெட் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, அதைப் பிளேட்லெட்டையும் எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பாவுக்கு வயது 58, எஸ்ஜிஓடி 52, எஸ்ஜிபிடி 49, பிளேட்லெட் 2.1 லட்சம் (கணக்கில் 210 என்று போட வேண்டும்). விடை 2.05. 1.3க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு, 2.67ஐத் தாண்டினால் உடனே கவனிக்க வேண்டும். அப்பா நடுவில் மாட்டிக்கொண்டார். 65 வயதுக்கு மேல் கீழ் வரம்பை 2 என்று வைத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் வயதே இந்த எண்ணை ஏற்றிவிடும்.

நடுவில் இருந்ததால் அப்புறம் ஃபைப்ரோஸ்கேன், அதாவது கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன். முதல் நாள் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனதால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடி எண் பொய்யாக ஏறுமாம், குறைந்தது மூன்று மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். இதை அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம். மறுநாள் விலா எலும்புகளுக்கு நடுவே ஜெல் தடவி, கருவியை வைத்து லேசாகத் தட்டி, அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பத்து முறை அளந்தார்கள். தழும்பு விழுந்து இறுகிய கல்லீரலில் வேகமாக ஓடும். ஊசியும் இல்லை, வலியும் இல்லை, பத்து நிமிஷத்தில் முடிந்தது. பயாப்சி என்றால் பெரிய ஊசி போட்டு, கல்லீரலில் கிட்டத்தட்ட 50,000இல் ஒரு பங்கு துணுக்கைத்தான் எடுப்பார்கள், மற்ற இடம் எப்படி என்று அதிலும் முழுசாகத் தெரியாது. இன்னும் அது தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எல்லோருக்கும் முதலிலேயே வேண்டியதில்லை.

அப்பாவின் கல்லீரல் இறுக்கம் 6.8 கிலோபாஸ்கல். 8க்குக் கீழே என்பதால் இப்போதைக்குப் பயமில்லை, எடையைக் குறைத்துவிட்டு அடுத்த வருஷம் வரச் சொன்னார் டாக்டர்.

ராத்திரி அம்மாவின் ஃபைலை எடுத்து உட்கார்ந்தேன். அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இருக்கிறது, பிளேட்லெட் மட்டும் இல்லை. நாளை காலை பிளேட்லெட்டும் தெரியும் சிபிசி ரத்த டெஸ்ட் எடுக்க லேபுக்குப் போகிறோம்.