அது அந்தக் காலம்

ஐரீன் பார்ல்பியின் கதையை ஆறு வருடங்களாகப் பார்வையாளர்களுக்குச் சொல்லிவருகிறேன். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஆலிக்ஸ் ஊர்ப் பக்கத்துப் பண்ணைக்காரப் பெண்மணி. 1921இல் ஆல்பர்ட்டா ஐக்கிய விவசாயிகள் கட்சி ஆட்சியைப் பிடித்தபோது லகோம்ப் தொகுதியில் வென்று, மாகாணத்தின் முதல் பெண் அமைச்சரானவர். பெண்களும் சட்டப்படி 'நபர்கள்'தான் என்று 1929இல், கனடாவுக்கு அன்று உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலில் தீர்ப்பு வாங்கிய ஐவரில் ஒருவர். அந்த இடம் வரும்போது என் குரல் தானாக உயர்ந்துவிடும்.

அன்றும் உயர்ந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி கேட்டார்: "1928இல் மனநோயாளிகளுக்குக் கருத்தடை அறுவை செய்யும் சட்டம் வந்தபோது இவர் எங்கே இருந்தார்?"

"அமைச்சரவையில்தான் இருந்தார். ஆதரிக்கவும் செய்தார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனால், அது அந்தக் காலம்" என்று சேர்த்துக்கொண்டேன்.

அவர் எதுவும் சொல்லவில்லை. கையில் வைத்திருந்த கம்பளிக் கையுறையை விரல் விரலாக மாட்டிக்கொண்டார். சுண்டுவிரல் துணி உள்ளே மடங்கிக் கிடந்தது. அதை இழுத்துவிட்டுக்கொண்டே வெளியே போய்விட்டார்.

நான் சொன்னதில் பொய் இல்லை. மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே அனுப்பப்படுகிறவர்களுக்குத்தான் முதலில் அந்தச் சட்டம். ஒப்புதலும் வேண்டும் என்றிருந்தது. மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முடிவுகட்டப்பட்டவர்களுக்கு ஒப்புதலே வேண்டாம் என்று திருத்தியது 1937இல். அதற்குள் விவசாயிகள் கட்சியினர் 1935 தேர்தலில் ஓர் இடம்கூட இல்லாமல் தோற்றிருந்தார்கள். இவரும் அரசியலை விட்டிருந்தார். இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். சொன்னால் என்ன ஆகியிருக்கும்? சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தானே.

சட்டம் நீக்கப்பட்டது 1972இல். அப்போது எனக்கு ஒரு வயது. ஏறத்தாழ 2,800 பேருக்கு அறுவை நடந்து முடிந்திருந்தது. யாருடைய காலத்தை 'அந்தக் காலம்' என்றேன்? அந்த அம்மாவுக்கு எண்பது இருக்கும். ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காததுதான் மரியாதை என்று சில நாள் தோன்றுகிறது; சில நாள் பயந்துவிட்டேன் என்றே தோன்றுகிறது.

அதற்குப் பிறகு சட்டத்தையும் சேர்த்தே சொல்கிறேன். எனக்குக் கிடைப்பது பன்னிரண்டு நிமிடம். எதை விட்டேன் என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது: கிராமங்களுக்கு நடமாடும் மருத்துவ முகாம்கள் வேண்டும் என்று அவர் பாடுபட்ட கதையை. பக்கத்தில் மருத்துவரே இல்லாத பண்ணைகளில் பிள்ளை பெற்ற பெண்களுக்காகப் பேசியவரும் இவர்தான். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லப் போனால், நடுவில் ஒரு 'ஆனால்' வந்துவிடுகிறது. அதை எதற்கு முன்னால் வைப்பது?

வியாழக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள்.