மான்செஸ்டரில் எனக்குக் கிடைத்த பார்பிரோலி

மான்செஸ்டரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேலாளர் என் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்களை ‘கே’ என்று கூப்பிட்டால் பரவாயில்லையா?" என்று கேட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சிரித்த முகமாகத்தான் கேட்டார். நானும் சரி என்றேன். கயல்விழி என்று எனக்குப் பெயர் வைத்தவர் தாத்தா. கும்பகோணத்தில் தெருமுனையில் நின்று அவர் அதை நீட்டிக் கூப்பிட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்தப் பெயர் இங்கே ஒற்றை எழுத்தாகச் சுருங்கியது அன்று முழுக்க முள்ளாகக் குத்தியது.

அந்த வாரமே ஒரு மாலை, பிரிட்ஜ்வாட்டர் ஹால் என்ற கச்சேரி அரங்கத்தின் பக்கம் நடந்துபோகும்போது ஒரு சிலையைப் பார்த்தேன். சிலை மட்டுமில்லை, சதுக்கத்துக்கே அவர் பெயர்தான்: பார்பிரோலி சதுக்கம். இவ்வளவு ஆங்கிலேய ஊரின் நடுவில் இத்தாலியப் பெயர் என்ன செய்கிறது என்று வீட்டுக்குப் போய்ப் படிக்க ஆரம்பித்தேன்.

ஜான் பார்பிரோலி இசைக்குழு நடத்துநர், அதாவது வாத்தியக்காரர்களின் முன் நின்று கோலசைத்து வழிநடத்துகிறவர். 1899 டிசம்பர் 2 அன்று லண்டனில், ஹோல்போர்னில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ஜியோவன்னி பத்திஸ்தா. அப்பா இத்தாலியர், அம்மா பிரெஞ்சுக்காரர். அப்பாவும் தாத்தாவும் மிலானின் லா ஸ்கலா இசைநாடக அரங்கில் வயலின் வாசித்தவர்கள். 1887-இல் வெர்டியின் ‘ஒத்தெல்லோ’ இசைநாடகம் அங்கே அரங்கேறியபோது இருவரும் குழுவில் இருந்தார்கள். பேரனுக்கும் முதலில் வயலின்தான். ஆனால் பிள்ளை வாசித்துக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றிவர, தாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்தே வாசிக்க வேண்டிய, பெரிய வயலின் போன்ற ஒரு செல்லோவை வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிட்டார். முதல் உலகப்போரில் ராணுவத்தில் சேர்ந்தபோது, ஆஜர் எடுத்த சார்ஜென்ட் மேஜரின் வாயில் ‘ஜியோவன்னி’ நுழையவில்லை. அதனால் ஜான் ஆனார். இந்த இடத்தை நான் இரண்டாம் முறை படித்தேன், மூன்றாம் முறையும் படித்தேன்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர்தான் ஆங்கிலேயர்களின் இசையை அவர்களுக்கே எடுத்துக் காட்டினார். 1927-இல் நடத்துநர் தாமஸ் பீச்சம் வர முடியாமல் போக, லண்டன் சிம்பொனி குழுவோடு ஆங்கிலேய இசையமைப்பாளர் எல்கரின் இரண்டாவது சிம்பொனியைச் சில நாள் அவகாசத்தில் நடத்திப் பெயர் வாங்கினார். 1936-இல் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் நடத்துநர் தோஸ்கனினியின் இடத்துக்குப் போனார். அங்கேயும் இங்கிலாந்தை விடவில்லை. ஆங்கிலேயர் பெஞ்சமின் பிரிட்டனின் வயலின் கான்செர்ட்டோ (ஒற்றை வாத்தியம் முன்னால் நிற்க, குழு துணை வாசிக்கும் படைப்பு) 1940-இல் முதன்முதலில் ஒலித்தது இவர் நடத்தித்தான்.

அப்புறம் போர். இசைக்கலைஞர் சங்கத்தின் புது விதிப்படி அமெரிக்காவில் தொடர்ந்து நடத்த அந்நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்றானது. அதற்கு அவர் இசையவில்லை. 1943-இல் மான்செஸ்டரின் ஹாலே குழு அழைத்தது, வந்துவிட்டார். ஹாலேயின் கதையும் கேட்கத் தகுந்ததுதான். 1858-இல் அதைத் தொடங்கிய சார்ல்ஸ் ஹாலேயே ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்!

வந்து பார்த்தால் குழுவில் 30 சொச்சம் பேர்தான் மிச்சம். அவர்களுடைய அரங்கமான ஃப்ரீ டிரேட் ஹால் 1940 டிசம்பர் குண்டுவீச்சில் எரிந்து கூடாக நின்றது. இளைஞர்கள் போர்முனையில் இருந்தார்கள். பார்பிரோலி கிடைத்தவர்களையெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் புல்லாங்குழலுக்கு, பள்ளி ஆசிரியை ஒருவர் ஹார்னுக்கு, சுற்றுவட்டாரத்து பித்தளை வாத்தியக் குழுக்களிலிருந்து ஊதுகிறவர்கள் என்று சில வாரங்களில் குழு தேறிவிட்டது. ஜூலை 5 அன்று பிராட்ஃபோர்டில் முதல் கச்சேரி. சொந்த அரங்கம் 1951-இல் திரும்பக் கிடைக்கும்வரை பெல் வ்யூவில் சர்க்கஸ் நடக்கும் கிங்ஸ் ஹாலில்கூட வாசித்தார்கள். நியூயார்க்கை விட்டு இதற்கா வந்தார் என்று கேட்பவர்கள் இருக்கலாம். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இங்கேதான்.

இன்னொரு ஆங்கிலேய இசையமைப்பாளரான வான் வில்லியம்ஸின் ஏழாவது சிம்பொனி, தென்துருவப் பனியைப் பற்றியது, 1953 ஜனவரியில் இந்த ஊரில்தான் முதன்முதலில் ஒலித்தது. அதில் காற்று இயந்திரம் ஒன்று உண்டு. மரச்சட்டங்கள் கொண்ட உருளையைக் கைப்பிடியால் சுழற்றினால், மேலே இழுத்துக் கட்டிய துணியில் உரசி ஊளையிடும். மான்செஸ்டர் ஜனவரிக் காற்று காதில் அறைந்தவர்களுக்கு அந்த ஒலி உடனே புரியும். எட்டாவது சிம்பொனியை வான் வில்லியம்ஸ் இவருக்கே காணிக்கையாக்கினார். ‘மகத்தான ஜான்’ என்பது அவர் இவருக்கு வைத்த செல்லப்பெயர்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது எல்கரின் செல்லோ கான்செர்ட்டோ. 1919 அக்டோபரில் குவீன்ஸ் ஹாலில் அது முதலில் வாசிக்கப்பட்டபோது ஒத்திகை போதாமல் சரியாக அமையவில்லை. அன்று லண்டன் சிம்பொனியின் செல்லோ வரிசையில் 19 வயதுப் பார்பிரோலி இருந்தார். 1965 ஆகஸ்டில் அதே குழுவை நடத்தி அதே படைப்பைப் பதிவு செய்தார். தனி செல்லோவுக்கு 20 வயது ஜாக்குலின் டு ப்ரே. இடம் லண்டனின் கிங்ஸ்வே ஹால், பார்பிரோலி பிறந்த தெருவிலிருந்து நடந்து போகும் தூரம். முதலில் செல்லோ தனியாக எழுந்து நாலு கனத்த ஸ்வரக்கட்டுகளை இழுக்கும். கொஞ்சம் கழித்து, வயலினைவிடச் சற்றுப் பெரியவையான வயோலாக்கள் மட்டும், துணைக்கு யாரும் இல்லாமல், மெல்ல ஆடும் ஒரு மெட்டைத் தொடங்கும். செல்லோ வந்து அதை வாங்கிக்கொள்ளும். பார்பிரோலி எங்கேயும் அவசரப்படுத்தவில்லை, அந்தப் பெண் மூச்சு விடும்வரை குழுவை நிறுத்திவைக்கிறார். நல்ல பக்கவாத்தியக்காரர் பாடகருக்கு இடம் விடுவது போல.

டிசம்பரில் இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். டிராமில் இதைக் கேட்டுக்கொண்டு வருவேன். இப்போது இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. மழைக்குக் குடை தேடுவதில்லை. அலுவலகத்திலும் ‘கயல்’ வரை வந்துவிட்டார்கள். ஆனாலும் அந்த வயோலா மெட்டு வந்தால் போதும், சாரங்கபாணி கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, வாசல் கோலத்தில் பூசணிப்பூ, சுடச்சுட வெண்பொங்கலோடு அம்மா. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிருக்கும்.

1970 ஜூலை 24 அன்று, இதயம் பலவீனமாக இருந்தும், கிங்ஸ் லின் என்ற ஊரில் பார்பிரோலி ஹாலே குழுவோடு எல்கரின் முதல் சிம்பொனியை நடத்தினார். 1908-இல் அதை முதன்முதலில் வாசித்ததும் ஹாலேதான். ஜூலை 29-இல் காலமானார். அந்தக் கச்சேரியின் பதிவு இருக்கிறது, தேடிக் கேளுங்கள்.

அடுத்த கோடையில் அப்பா வருகிறார். ஹாலே எல்கர் வாசிக்கும் நாளாகப் பார்த்து அழைத்துப்போக வேண்டும். தொடையில் தாளம் போடாமல் அவர் இதுவரை ஒரு கச்சேரியும் கேட்டதில்லை. இங்கேயோ இருமுவதற்குக்கூட இடைவெளி பார்த்துக் காத்திருக்கிறார்கள். மேல்மாடத்தில் டிக்கெட் எடுத்தால் யார் கண்ணிலும் படமாட்டார் என்று தம்பி யோசனை சொல்கிறான். எனக்கென்னவோ முன்வரிசையே எடுக்கலாம் என்றிருக்கிறது.