அவர் இறந்த பிறகு என் ஜீவனாம்சம் என்ன ஆனது

விவாகரத்து ஆகிப் பல வருடம் கழித்து என் முன்னாள் கணவர் திடீரென இறந்துபோனார். மாதாமாதம் வந்துகொண்டிருந்த ஜீவனாம்சம் அந்த மாதமே நின்றது, அதற்கு முன்பே சில மாதத் தொகை நிலுவையில் இருந்தது, மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். விசாரித்தபோது அவருடைய இரண்டாவது மனைவியின் அண்ணன், "ஆளே போயாச்சு, இனி யார்கிட்ட ஜீவனாம்சம் கேப்பீங்க?" என்றார். சுற்றி இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள். பாதிதான் உண்மை என்று தெரிந்துகொள்ள எனக்கு நாள் பிடித்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

வக்கீல் முதலில் கேட்டது, எந்தச் சட்டத்தில் உத்தரவு வாங்கினீர்கள் என்று. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125வது பிரிவில், அதாவது 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தின் 144வது பிரிவில் வாங்கிய உத்தரவு என்றால் அது அந்த ஆளைப் பிடித்து நிற்பது. கட்டாதவர் மேல் வாரண்ட் போட்டு வசூலிக்கும் வழி அது, ஆளே இல்லாதபோது வாரண்ட் யார் மேல் போடுவது? அதிலும், தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும் என்ற கெடுவும் உண்டு.

என்னுடையது இந்து திருமணச் சட்டத்தின் 25வது பிரிவில், இரண்டு பேரும் சம்மதித்து வாங்கிய டிகிரி, அதாவது நீதிமன்றத் தீர்ப்பாணை. அந்தப் பிரிவு, தொகையைப் பெறுபவரின் ஆயுள்காலம் வரை கொடுக்கச் சொல்லலாம், தேவைப்பட்டால் கொடுப்பவரின் அசையாச் சொத்தின் மேல் அதைப் பொறுப்பாக வைக்கலாம், அதாவது கட்டாவிட்டால் அந்தச் சொத்திலிருந்தே வசூலிக்கலாம் என்கிறது. எங்கள் டிகிரியில் அப்படி ஒரு வரி இருந்தது: என் ஆயுள் வரை தொகை, அதற்கு அவர் பெயரில் இருந்த வீடு பொறுப்பு. சமரசம் பேசிய நாளில் அந்த வரியை விடவே கூடாது என்று நின்றவர் என் வக்கீல்தான். அதோடு விடாமல் டிகிரி நகலை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்ய வைத்தார், வில்லங்கச் சான்றில் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் தெரியாமல் வாங்கிய ஒருவரிடம் போய் நாளைக்கு இந்த வீட்டின் மேல் எனக்கு உரிமை உண்டு என்று நிற்க முடியாது என்று. அவர் இறந்த பிறகு எடுத்த வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

சிறப்புத் திருமணச் சட்டத்தில் வந்த ஒரு வழக்கில் 1983இலேயே உச்ச நீதிமன்றம், விவாகரத்தான மனைவியின் ஜீவனாம்ச டிகிரியைக் கணவர் இறந்த பிறகும் அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து நிறைவேற்றலாம் என்று சொல்லியிருக்கிறது. வக்கீல் அதையும் மனுவில் சேர்த்தார்.

அடுத்தது வாரிசுச் சான்று. அதில்தான் பெரிய போராட்டம். அந்தக் குடும்பத்தார் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தார்கள், என் மகள் பெயர் இல்லாமல். பெற்றவர்கள் பிரிந்தால் பிள்ளை உறவு அறுந்துவிடாது. நான் வாரிசு இல்லை, ஆனால் அவள் முதல் வகுப்பு வாரிசு, அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் உள்ள அதே பங்கு அவளுக்கும் உண்டு. பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, அப்பா பெயர் உள்ள டிகிரி நகல் எல்லாம் வைத்து தாசில்தாரிடம் ஆட்சேபணை கொடுத்தோம். வி.ஏ.ஓ. விசாரணைக்கு மகளே நேரில் போய், "அவர் என் அப்பா" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பெயர் சேர்ந்தது. அந்தச் சான்றை வைத்தே அவர் வேலை பார்த்த இடத்தின் இ.பி.எஃப். கணக்கில் பிள்ளைகளுக்கான ஓய்வூதியத்துக்கும் மனு போட்டோம், 25 வயது வரை வரும்.

அப்புறம் நீதிமன்றத்தில் இ.பி., அதாவது டிகிரியை நிறைவேற்றக் கேட்கும் மனு, போட்டோம். இறந்தவரின் வாரிசுகள் எல்லோரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும் என்பது விதி, அதனால் என் மனுவில் என் மகளும் எதிர்மனுதாரர். நோட்டீஸ் ஒரே வீட்டுக்கு வந்தது, அவள் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். சட்டப்படி சரிதான், ஆனாலும் அந்தத் தாளைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

அவருடைய இரண்டாவது மனைவி பயந்துபோயிருந்தார், தன் சம்பளத்தைப் பிடித்துவிடுவார்கள் என்று. அப்படி முடியாது, வாரிசுகள் கைக்கு வந்த இறந்தவரின் சொத்து அளவுக்குத்தான் பொறுப்பு, அவர்கள் சொந்தக் காசைத் தொட முடியாது. இதை நானே அவரிடம் போனில் சொன்னேன். அவருக்கும் சின்னப் பிள்ளைகள், அவர் எனக்கு எதிரி இல்லை. அதன் பிறகு பேச்சு சுலபமானது. நிலுவையையும் இனி வர வேண்டியதையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி முடித்தோம், வீட்டில் மகளுக்குள்ள பங்கை அதில் கலக்க விடவில்லை. பணம் என் கணக்கில் ஏறிய பிறகே பொறுப்பு நீக்கப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன், இ.பி.யும் முடித்து வைக்கப்பட்டது.

இப்போது சமரசம் பேசிக்கொண்டிருப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: மாதம் எவ்வளவு என்று பேசும்போதே, அவருக்கு ஏதாவது ஆனால் எதிலிருந்து வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள். சொத்தே இல்லாதவர் என்றால் மொத்தத் தொகையாகக் கேளுங்கள், கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.