நிலைமத்துக்கு அம்புக்குறி கிடையாது: ஈர்ப்புக் கணக்குகளைப் போடும் முறை

எறிபொருள், லிஃப்ட், செங்குத்து வட்டம், துணைக்கோள் என்று பாடநூல் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும் கணக்குகளுக்கு அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. ஈர்ப்பு இல்லாவிட்டால் பொருள் இந்நேரம் எங்கே போயிருக்கும்? ஈர்ப்பு அதை அங்கிருந்து எவ்வளவு இழுத்துவிட்டது? முதல் கேள்விக்கு நிலைமம் பதில் சொல்கிறது: அதே வேகம், அதே நேர்கோடு. இரண்டாவதற்கு ஈர்ப்பு. சூத்திரத்தைத் தேடும் முன் இந்த இரண்டையும் தாளில் பிரித்து எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விசைப் படம் வரையும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும். நிலைமம் விசை அல்ல, அதற்கு அம்புக்குறி போடக் கூடாது. எறிந்த பந்து முன்னே போகிறது என்பதற்காக முன்னோக்கி ஒரு விசையை வரைகிறவர்கள் ஏராளம். கையை விட்ட நொடியிலிருந்து, காற்றின் தடையை விட்டுவிட்டால், பந்தின் மேல் இருப்பது கீழ்நோக்கிய எடை மட்டுமே. உச்சியிலும் அப்படித்தான். அங்கே செங்குத்துத் திசைவேகம் சுழியாகிறது, முடுக்கம் சுழியாவதில்லை.

20 மீட்டர் உயரத்திலிருந்து கிடைமட்டமாக 15 மீ/வி வேகத்தில் ஒரு கல் எறியப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பு முடுக்கம் g = 10 மீ/வி² என எடுத்தால், செங்குத்துப் பக்கம் தொடக்க வேகம் சுழி. 20 = ½gt² = 5t², ஆகவே நேரம் 2 வினாடி. அந்த 2 வினாடியும் கிடைமட்ட வேகம் மாறாததால் தூரம் 30 மீட்டர். தரையைத் தொடும்போது செங்குத்து வேகம் 20, கிடைமட்டம் 15, மொத்தம் 25 மீ/வி. இதில் ஒரு பொல்லாத பொறி இருக்கிறது. v² = u² + 2gs என்பதில் (u தொடக்க வேகம், v இறுதி வேகம், s விழுந்த தூரம்) u = 15 என்று தவறாகப் போட்டாலும் 625 கிடைத்து, v = 25 என்று சரியான விடையே வந்துவிடும். ஆற்றல் அழிவின்மை காப்பாற்றிவிடுகிறது. அந்தத் தைரியத்தில் v = u + gt போட்டு நேரம் கண்டுபிடித்தால் 1 வினாடி வரும்; அது தவறு. கிடைமட்ட எண்ணும் செங்குத்து எண்ணும் ஒரே சமன்பாட்டுக்குள் நுழையக் கூடாது. தாளை நடுவில் கோடிட்டு, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் மற்றதும் எழுதுங்கள். இரண்டுக்கும் பொதுவானது நேரம் மட்டும்தான்.

‘விடப்படுகிறது’ என்ற சொல்லைக் கண்டதும் u = 0 என்று எழுதிவிடுவது அடுத்த வழுக்கல். 5 மீ/வி வேகத்தில் மேலே போகும் பலூனிலிருந்து 60 மீட்டர் உயரத்தில் ஒரு கல் விடப்பட்டால், அந்த 5 மீ/வி கல்லுக்கும் உண்டு. அது இன்னும் 1.25 மீட்டர் ஏறிவிட்டுத்தான் இறங்கும். −60 = 5t − 5t² என்பதைத் தீர்த்தால் 4 வினாடி. u = 0 என்று போட்டவருக்கு ஏறக்குறைய 3.5 வினாடி வரும். விடை முழு எண்ணாக வராவிட்டால் இந்த இடத்தைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

லிஃப்ட் கணக்கில் இயக்கத் திசையைப் பார்க்காமல் முடுக்கத்தின் திசையைப் பாருங்கள். 60 கிலோ ஆள் நிற்கும் லிஃப்ட் மேலே போய்க்கொண்டே 2 மீ/வி² வீதம் வேகம் குறைந்தால், எடை காட்டும் கருவியில் 480 நியூட்டன்தான்; 720 அல்ல.

கயிற்றில் கட்டிய கல்லைச் செங்குத்து வட்டத்தில் சுழற்றும்போது உச்சிக்கான சமன்பாட்டை T + mg = mv²/R என்று எழுதுங்கள் (T கயிற்றின் இழுவிசை, m கல்லின் நிறை, R வட்டத்தின் ஆரம்). இரண்டு விசையும் மையத்தை நோக்கியே இருக்கின்றன. T − mg என்பது அடிப்புள்ளிக்கு உரியது. மையநோக்கு விசை என்று தனியாக ஒரு அம்புக்குறி வேண்டாம். இருக்கும் விசைகளின் கூட்டுத்தொகைக்குத்தான் அந்தப் பெயர். கயிறு அறுந்தால் கல் ஆரத்தின் வழியே வெளியே பாயாது, தொடுகோட்டில் கிளம்பும். உச்சியில் கயிறு தளராதிருக்கத் தேவையான சிறும வேகமான √(gR) உடன் அறுந்தால் அது வெறும் எறிபொருள். அடிப்புள்ளியின் மட்டத்துக்கு வரும்போது சரியாக 2R தூரம் தள்ளியிருக்கும். போட்டுப் பாருங்கள்.

துணைக்கோள் கணக்கும் எறிபொருள் கணக்கின் நீட்சியே. முதல் வினாடியில் எந்தப் பொருளும் 4.9 மீட்டர் விழுகிறது. புவியின் பரப்போ 7.9 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 4.9 மீட்டர் வளைந்து கீழிறங்குகிறது. ஆகவே 7.9 கிமீ/வி வேகத்தில் போகும் பொருள் விழுந்துகொண்டே இருந்தும், காற்றும் தடையும் இல்லையென்றால், தரையைத் தொடாது. விண்வெளி நிலையத்தில் மிதக்கிறவர்களுக்கு ஈர்ப்பே இல்லை என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். 400 கிமீ உயரத்திலும் g ஏறத்தாழ 8.7 மீ/வி². நிலையமும் அதிலுள்ளவர்களும் சேர்ந்தே விழுவதால் ஒன்றையொன்று தாங்குவதில்லை. எடையின்மை என்பது அவ்வளவுதான்.

துணைக்கோளின் வேகத்துக்கான v = √(GM/r) சூத்திரத்தில் (G ஈர்ப்பு மாறிலி, M புவியின் நிறை) r என்று போட வேண்டியது புவியின் மையத்திலிருந்து உள்ள தூரம்: புவியின் ஆரம் 6400 + உயரம் 400 = 6800 கிமீ. அதை மீட்டராக மாற்றினால் வேகம் 7.7 கிமீ/வி, சுற்றுக்காலம் சுமார் 93 நிமிடம். வெறும் 400 கிமீ போட்டால் கிட்டத்தட்ட 32 கிமீ/வி வரும். புவியின் ஈர்ப்பை விட்டே வெளியேறத் தேவையான விடுபடு வேகமே 11.2 கிமீ/விதான் என்பது நினைவிருந்தால் அந்த விடையை நீங்களே அடித்துவிடுவீர்கள். புவியை வட்டமாகச் சுற்றும் எதற்கும் 7.9 கிமீ/வி-யைத் தாண்டிய விடை வந்தால் அலகையும் ஆரத்தையும் திரும்பப் பாருங்கள்.

கனமான பொருள் ஏன் வேகமாக விழுவதில்லை என்ற வினாவுக்கு ‘g மாறிலி’ என்று எழுதினால் காரணம் சொன்னதாகாது. நிறை இரட்டித்தால் இழுக்கும் விசை இரட்டிக்கிறது, வேகத்தை மாற்றவிடாத நிலைமமும் இரட்டிக்கிறது, இரண்டும் நீங்கிவிடுகின்றன. 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட, இரண்டும் ஒன்றாகவே விழுந்தன.

கடைசியாக, நன்றாகப் படித்தவர்களையும் தடுமாற வைக்கும் வினா: மெல்லிய காற்றின் உராய்வில் சிக்கிய துணைக்கோளின் வேகம் என்னவாகும்? கூடும். உராய்வால் அது மெல்ல மெல்லத் தாழ்கிறது; தாழ்ந்த பாதைக்கு அதிக வேகம் தேவை. இழந்த நிலையாற்றலில் பாதி இயக்க ஆற்றலாகிறது, மறுபாதி வெப்பமாகப் போகிறது. மொத்த ஆற்றல் −GMm/2r என்பதிலிருந்து தொடங்கினால் மூன்று வரியில் நிறுவிவிடலாம்.