நோட்டு வழங்கும் ஐந்து நிமிடங்கள்

எங்கள் நடுநிலைப் பள்ளியில் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் ஆசிரியை, மூன்றாம் நாளே தொண்டை கட்டிய நிலையில் என்னிடம் வந்து, "பிள்ளைகளை எப்படி டீச்சர் அமைதியாக உட்கார வைக்கிறீர்கள்?" என்று கேட்டார். சத்தம் சரியாக எந்த நேரத்தில் தொடங்குகிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் நானும் கவனிக்கவில்லை.

அப்போது ஏற்காட்டு மலையில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். திருத்திய நோட்டுகளை ஒரு மாணவியிடம் கொடுத்துவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கணக்கை எழுதத் தொடங்குவேன். அவள் ஒவ்வொரு பெயராகப் படித்து, ஒவ்வொரு பெஞ்சாக நடந்து கொடுத்து முடிக்க ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை மற்ற 33 பிள்ளைகளுக்கும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. சத்தம் அங்கேதான் பிறந்தது. நானோ கண்ணில் பட்ட ஒரு பையனை வெளியே நிற்க வைப்பேன். அவன் அன்றைய பின்னக் கணக்கை இழப்பான். மறுநாள் கணக்கு புரியாமல் பக்கத்துப் பையனைச் சீண்டுவான். மீண்டும் வெளியே போவான். அவனுடைய குறும்பில் பாதியை நானே உண்டாக்கினேன் என்பதை உணர எனக்கு ஒரு பருவம் முழுவதும் தேவைப்பட்டது.

பிறகு, மணி அடிக்கும் முன்பே நோட்டுகளைப் பெஞ்சு வாரியாக அடுக்கி ஓரத்தில் வைத்தேன். முதல் கணக்கையும் முன்கூட்டியே பலகையில் எழுதிவிட்டு, வாசலில் நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்பினேன். ஒரே வாரத்தில் வகுப்பு மாறியது. அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின், வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970 இல் வெளியிட்ட முடிவும் இதையே சொல்கிறது: குறும்பு நடந்த பின் ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதைவிட, அது எழாதபடி ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு வகுப்பைத் தடங்கலின்றி எப்படி நகர்த்துகிறார் என்பதே வேறுபாட்டை உண்டாக்குகிறது.

மலையில் இன்னொரு இடைவெளியும் உண்டு. மூடுபனி இறங்கும் காலைகளில் தொலைவிலிருந்து நடந்து வரும் பிள்ளைகள் தாமதமாகத்தான் வருவார்கள். ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரித்தால், பாடம் அத்தனை முறை அறுந்துபோகும். அதனால் வாசலை ஒட்டிய பெஞ்சைக் காலியாக விட்டிருக்கிறேன். வருபவர்கள் அதில் அமர்ந்து நோட்டைத் திறந்தால் போதும். காரணத்தை இடைவேளையில் கேட்டுக்கொள்கிறேன்.

உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் நான் பிரம்பை எடுக்க மாட்டேன். அடிக்கு அஞ்சி அமைதியாக இருக்கும் குழந்தை, தனக்குப் புரியவில்லை என்பதையும் சொல்லாமல் மறைத்துவிடும். பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையின் அருகே, பாடத்தை நிறுத்தாமலேயே நடந்து சென்று, எழுத வேண்டிய வரியை விரலால் காட்டுவது பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது.

நாளை முதல் பாடவேளையில் அந்த ஆசிரியையின் வகுப்பில் கடைசி பெஞ்சில் அமர்ந்து, சத்தம் எழும் நிமிடங்களை மட்டும் ஒரு தாளில் குறித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.